இலக்கணத்துக்கும் ஓர் உடைமையாளனோ?

எமது உயர்தர வகுப்பு மாணவரிடையே அண்மைக் காலமாக ஒரு கட்சிப்பிரிவு தோன்றியிருக்கிறது. அஃது அரசியலைப் பற்றியதன்று. சினிமா நடிகர்களைப் பற்றியதுமன்று. கணினியின் உள்ளே அமர்ந்திருக்கும் நகமளவு சிலிக்கன் துண்டைப் பற்றியது. இன்டெல் கம்பனியின் நுண்செயலியே சிறந்தது என்பார் ஒரு சாரார், ஏ. எம். டி. கம்பனியினதே சிறந்தது என்பார் மற்றொரு சாரார். கண்டி நகரத்துக் கணினிக் கடைகளின் கண்ணாடிக்கு முன்னால் நின்று இவர்கள் வாதாடும் ஊக்கத்தைப் பாடப் புத்தகத்திலும் காட்டலாகாதா என்று பெருமூச்செறியும் ஆசிரியர்கள் உளர். நாம் பெருமூச்செறியவில்லை. மாணவர் எதைப் பற்றி மனமார வாதாடுகிறார்களோ, அங்கிருந்துதான் கல்வி தொடங்க வேண்டும் என்பது எமது கருத்து.

பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று வந்த எமக்கும் இந்தச் சிலிக்கன் துண்டுக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். பாடசாலையின் கணினி அறைப் பொறுப்பு, வேறு ஆள் இன்மையால் எம்மீது விழுந்தது என்பதே நேரான விடை. எம்மிடம் தமிழ் கற்றுப் பின்னர் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சென்ற பழைய மாணவர் சிலர், விடுமுறையில் வீடு திரும்பும்போது எமக்கு ஆசிரியர்களாயினர். அவர்கள் சொல்லச் சொல்ல ஓர் உண்மை தெளிவாயிற்று. நுண்செயலிக் கம்பனிகளின் போட்டி அடிப்படையில் மொழி பற்றிய வழக்கு. இலக்கணம் யாருடையது, அச்சுக்கூடம் யாருடையது என்ற வழக்கு. அவ்வழக்கில் வாய் திறக்கத் தமிழாசிரியனுக்கும் உரிமை உண்டன்றோ?

ஒரு நுண்செயலிக்குத் தெரிந்த சொற்கள் மிகச் சில. இரண்டு எண்களைக் கூட்டு. நினைவகத்தின் இன்ன அறையிலிருந்து எடு. இன்ன அறையில் வை. விடை பூச்சியமானால் வேறோர் இடத்துக்குத் தாவு. இவை போன்ற ஆணைகளே அதன் சொற்களஞ்சியம். இவ்வாணைகள் எவை, அவற்றை எவ்வாறு எழுத வேண்டும் என்று வரையறுப்பதை ஆணைத்தொகுதி என்பர். நாம் அதை இயந்திரத்தின் இலக்கணம் என்போம். ஒரே வெண்பா இலக்கணத்தில் புலவர் பலர் பாடுவது போல, ஒரே ஆணைத்தொகுதிக்குக் கம்பனிகள் பல வெவ்வேறு உள்ளமைப்புகளைக் கட்டலாம். ஆயின் இலக்கணமே மாறிவிட்டால், முன்னர் எழுதப்பட்ட நிரல்கள் அத்தனையும் அந்த இயந்திரத்துக்குப் பிறமொழியாகிவிடும். ஆகவே இலக்கணத்தைக் கையில் வைத்திருப்பவன், அதில் எழுதுவோர் அனைவரையும் கையில் வைத்திருக்கிறான்.

இன்டெல் 1968 ஆம் ஆண்டிலும் ஏ. எம். டி. அதற்கு மறு ஆண்டிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றின. 1971 இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் இருந்த திரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய 2,300. 1978 இல் அது வெளியிட்ட 8086 இன் இலக்கணம், வளர்ந்தும் பெருத்தும், இன்றும் மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவற்றை ஆள்கிறது. 1981 இல் ஐ. பி. எம். தனது மேசைக் கணினிக்கு அக்குடும்பத்து 8088 ஐத் தேர்ந்தெடுத்தது. எனினும் ஒரே கம்பனியை நம்பியிருக்க அது விரும்பவில்லை. அதே சிப்பைச் செய்து தர இரண்டாவது ஒரு கம்பனியும் வேண்டும் என்றது. அதன் விளைவாக 1982 இல் இன்டெல்லும் ஏ. எம். டி.யும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒருவரது இலக்கணத்தில் மற்றவர் எழுதும் உரிமை அன்பினால் வந்ததன்று. வாங்குபவனின் வற்புறுத்தலால் வந்தது. சந்தை கைக்கு வந்ததும், 1985 இல் வெளியான 386 இன் வடிவமைப்பைக் கொடுக்க இன்டெல் மறுத்தது. ஏ. எம். டி. தானே முயன்று தனது 386 ஐ 1991 இல் வெளியிட்டது. வழக்குகள் 1995 இல்தான் இணக்கத்தில் முடிந்தன. போட்டியே முன்னேற்றத்தின் தாய் என்று பாடம் சொல்வோர், அந்தப் போட்டியை உயிரோடு வைத்திருக்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்ததை ஏனோ சொல்வதில்லை.

இருப்பினும் இவ்விருவரின் அணுகுமுறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதிற் பயன் உண்டு. 32 பிட் கணினிகள் போதாமற்போய் 64 பிட் கணினிகள் தேவைப்பட்ட காலத்தில் இரு கம்பனிகளும் இரு வழிகளிற் சென்றன. இன்டெல், ஹியூலெட் பக்கார்ட் கம்பனியோடு சேர்ந்து முற்றிலும் புதியதோர் இலக்கணத்தை வகுத்தது. எந்தெந்த ஆணைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றலாம் என்று முன்கூட்டியே ஆராய்ந்து அடுக்கும் பொறுப்பை, மனிதர் எழுதும் நிரலை இயந்திர மொழிக்குப் பெயர்க்கும் மென்பொருளின் தலையில் அது வைத்தது. இட்டேனியம் என்ற பெயரில் 2001 இல் அது சந்தைக்கு வந்தது. ஏ. எம். டி.யோ பழைய நூற்பாக்களை அப்படியே வைத்துக்கொண்டு, 64 பிட்டுக்கு வேண்டிய புதிய நூற்பாக்களைச் சேர்த்து 2003 இல் ஒப்டெரோன் என்னும் நுண்செயலியை வெளியிட்டது. 2004 இல் இன்டெல்லே அந்த விரிவாக்கத்தை ஏற்றுக்கொண்டது. மூத்தவன் இளையவனிடம் இலக்கணம் கற்க நேர்ந்தது. இட்டேனியத்தின் விநியோகம் 2021 இல் முற்றாக நின்றது.

ஏ. எம். டி. வென்ற காரணம் யாது? உலகெங்கும் இலட்சக்கணக்கான நிரலாளர் பழைய இலக்கணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக் குவித்திருந்தனர். அந்த உழைப்பைக் குப்பையில் எறியச் சமுதாயம் உடன்படவில்லை. இலக்கணத்தின் மதிப்பு அதை வகுத்தவனின் மேதைமையால் மட்டும் வருவதன்று. அதில் எழுதிய பல்லாயிரவரின் உழைப்பால் வருவது. ஆயினும் உரிமைப்பத்திரத்தில் அவர்களுடைய பெயர் இல்லை.

அடுத்த வேறுபாடு அச்சிடுவதில் உள்ளது. அச்சு என்று நாம் சொல்வது உவமைக்காக அன்று. சிலிக்கன் தட்டின்மீது நுண்ணிய சுற்றுகளை உண்மையாகவே ஒளியைக் கொண்டு அச்சிடுகிறார்கள். எழுத்தும் அச்சும் தன்னிடமே இருக்க வேண்டும் என்பது இன்டெல் நெடுங்காலம் கைக்கொண்ட நெறி. ஏ. எம். டி.யோ 2009 இல் தனது உற்பத்திச்சாலைகளைக் குளோபல் பவுண்ட்ரீஸ் என்ற தனிக் கம்பனியாகப் பிரித்துவிட்டு, வடிவமைப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. பின்னர் பெரிய சிப் ஒன்றைச் செய்வதற்குப் பதிலாகச் சிறு துண்டுகள் பலவற்றைச் செய்து ஒன்றாக இணைக்கும் முறையை அது கையாண்டது. 2017 இல் வந்த எப்பிக் நுண்செயலியில் நான்கு துண்டுகள் இணைக்கப்பட்டிருந்தன. 2019 முதல், கணிக்கும் துண்டுகளைத் தாய்வானின் டி. எஸ். எம். சி. நுண்ணிய முறையிலும், வெளியுலகோடு பேசும் துண்டைக் குளோபல் பவுண்ட்ரீஸ் பழைய முறையிலும் அச்சிட்டுக் கொடுத்தன.

இதன் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவனும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிலிக்கன் தட்டில் பத்து இடங்களிற் பழுது விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டை 20 பெரிய சிப்களாக வெட்டினால் பத்து வரை கெட்டுப் பாதி நட்டமாகலாம். அதே தட்டை 80 சிறு துண்டுகளாக வெட்டினால் கெடுவது அதே பத்து. நட்டம் எட்டில் ஒரு பங்கே. துண்டுகளை இணைக்கும் செலவும், அவை தமக்குள் பேசிக்கொள்வதில் உண்டாகும் தாமதமும் இதற்குக் கொடுக்கும் விலை. 2023 இறுதியில் இன்டெல்லும் மடிக்கணினிகளுக்கான தனது நுண்செயலியைத் துண்டு துண்டாகச் செய்தது. அவற்றுட் சிலவற்றைத் தாய்வானில் அச்சிட்டது. எதிரிகள் என்று எம் மாணவர் கருதும் இருவரும் ஒரே அச்சுக்கூடத்தின் வாயிலில் நிற்கிறார்கள்.

மூன்றாவது வழி இங்கிலாந்தில் ஒரு பாடசாலைத் திட்டத்தின் பக்கத்திற் பிறந்தது என்பது ஆசிரியர்களாகிய எமக்கு இனிக்கும் செய்தி. பி. பி. சி. நிறுவனம் 1980 களின் தொடக்கத்தில் நடத்திய கணினிக் கல்வித் திட்டத்துக்குக் கணினி செய்து கொடுத்தது கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கோர்ன் என்னும் சிறிய கம்பனி. அதன் பொறியியலாளர்களான சோபி வில்சனும் ஸ்டீவ் பேர்பரும் குறைந்த ஆட்பலத்தோடு வடிவமைத்த ஆர்ம் நுண்செயலி 1985 ஏப்பிரல் 26 அன்று முதன்முதலாக இயங்கியது. அதில் இருந்த திரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய 25,000. அதே ஆண்டில் வந்த இன்டெல் 386 இல் இருந்தவை 275,000.

இந்தச் சிக்கனத்தின் இரகசியத்தைத் தமிழ் மாணவனுக்கு விளக்குதல் எளிது. ஏட்டுச் சுவடியைப் படிக்க முயன்றவர் அறிவர்: சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வெளி இராது, ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்த பின்னரே அடுத்த சொல்லின் தொடக்கம் தெரியும். இன்டெல் இலக்கணத்தின் ஆணைகள் அத்தகையவை. ஓர் ஆணை ஒரு பைட் நீளமாகவும் இருக்கலாம், பதினைந்து பைட் நீளமாகவும் இருக்கலாம். ஆர்ம் வகுத்த ஆணைகளோ ஒவ்வொன்றும் நான்கு பைட். சீர் பிரித்து அச்சிட்ட செய்யுளைப் போன்றவை. அதனால் பிரித்தறியும் உறுப்புச் சிறிதாகும், மின்சாரமும் மிச்சமாகும். 1990 இல் தனிக் கம்பனியான ஆர்ம், சிப் விற்பதை விட்டு இலக்கணத்தையும் வடிவமைப்பையும் குத்தகைக்கு விடலாயிற்று. இன்று எமது சட்டைப் பையில் இருக்கும் கைபேசியின் உள்ளே ஏறத்தாழ எப்போதும் அந்த இலக்கணமே ஓடுகிறது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1995 இல் வந்த பென்டியம் புரோ முதல் இன்டெல்லும், அடுத்த ஆண்டு முதல் ஏ. எம். டி.யும், வெளியிலிருந்து பழைய நீண்ட ஆணைகளை வாங்கி, உள்ளே அவற்றைச் சிறிய எளிய ஆணைகளாகப் பெயர்த்துத்தான் இயக்குகின்றன. உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளன் அமர்ந்திருக்கிறான். பொறியியல் நோக்கில் எதிர் முகாம்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருக்கின்றன. நெருங்காமல் நிற்பது உடைமை மட்டுமே.

இவற்றையெல்லாம் ஒரு நாள் வகுப்பிற் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தோம். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கவ்வாத்து வெட்டுபவர். "சேர், அவங்க ரெண்டு பேரும் போட்டி போடுறாங்க, சரி. நாங்க ஏன் சேர் எப்பவும் வாங்குற பக்கமே நிக்கிறோம்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. எது சிறந்தது என்று ஒரு மாதமாக வாதாடியவர்கள் கேளாத கேள்வி அது.

அக்கேள்வியை அவள் கேட்டதில் வியப்பில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட நாள் முதலாக, இந்த மலைகளிற் பறிப்பவன் ஒருவன், கலந்து பெயர் ஒட்டி விற்பவன் வேறொருவன். கொழுந்தை நிறுக்கும் தராசு இங்கே இருந்தது. விலையை நிறுக்கும் தராசு நெடுங்காலம் இலண்டனில் இருந்தது. சிப்பின் கதையும் அத்தகையதே. இன்டெல் 1972 இல் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதலாவது பொருத்துச்சாலையை மலேசியாவின் பினாங்கில் திறந்தது. பெயர் பொறித்த ஒட்டுத்தாள் கலிபோர்னியாவினுடையது. நுணுக்கியின்கீழ் மெல்லிய கம்பிகளை இணைத்த விரல்கள் ஆசியப் பெண்களுடையவை. 2022 நெருக்கடியில் அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறியபோது, கடைக் கண்ணாடிக்குள் இருந்த கணினி லயத்து வீடுகளுக்கு முன்னிலும் எட்டாப் பொருளாயிற்று. வாங்கும் பக்கத்திலும் நிற்க முடியாதவர்களின் பிள்ளையல்லவா அவள்?

அவளுக்கு விடை தேடும்போதுதான் நான்காவது வழி எமது கண்ணிற் பட்டது. 2010 இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் கிறஸ்டே அசனோவிச், டேவிட் பற்றர்சன் ஆகிய பேராசிரியர்களும், அன்ட்ரூ வோட்டர்மன், யுன்சுப் லீ ஆகிய மாணவர்களும் புதியதோர் ஆணைத்தொகுதியை வகுக்கத் தொடங்கினர். ரிஸ்க்-பைவ் என்பது அதன் பெயர். அடிப்படை ஆணைகள் ஐம்பதுக்கும் குறைவு. யார் வேண்டுமானாலும், யாரிடமும் அனுமதி கேளாமல், வாடகை கொடாமல் அந்த இலக்கணத்தில் நுண்செயலி எழுதலாம். தமிழில் ஒரு வெண்பா எழுத நாம் யாருக்கேனும் வாடகை கொடுக்கிறோமா? அந்த இயல்பான நிலை, இயந்திர மொழிக்கும் வந்தது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடியின் தலைமையில் உருவான 'சக்தி' நுண்செயலிகள் இந்த இலக்கணத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் மூல வடிவமைப்பும் எவரும் எடுத்துப் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. எமக்கு அருகில், பேராதனைப் பொறியியற் பீடத்துக் கணினிப் பொறியியல் மாணவரும் தமது பயிற்சிப் பணியாக ரிஸ்க்-பைவ் நுண்செயலி வடிவமைப்புகளைச் செய்து பொதுவெளியில் வைத்திருக்கின்றனர். மகாவலிக் கரையில் மாணவர் கையால் நுண்செயலி எழுத முடிகிறது. அந்த மாணவியின் கேள்விக்கு இது பாதி விடை.

மறு பாதியை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. 2018 இல் சக்தியின் ரைஸ்கிரீக் என்னும் சிப் 22 நானோமீற்றர் முறையில் எங்கே அச்சிடப்பட்டது தெரியுமா? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், இன்டெல்லின் உற்பத்திச்சாலையில்! அதே ஆண்டில் ரிமோ என்னும் மற்றொரு சிப், சண்டிகருக்கு அருகே மொஹாலியில் உள்ள இந்திய அரசின் சாலையில் அச்சிடப்பட்டது. அங்கே இருந்ததோ 180 நானோமீற்றர் என்னும் பழைய முறை. மொஹாலிச் சாலை 1989 இல் தீக்கிரையாகிப் பல ஆண்டுகளை இழந்த ஒன்று. இலக்கணம் விடுதலை பெற்றுவிட்டது, அச்சுக்கூடம் பெறவில்லை. 2024 பெப்ரவரியில் இந்திய அரசு குஜராத்தின் தோலேராவில் அனுமதித்த ஒரே ஓர் உற்பத்திச்சாலையின் மதிப்பீடு 91,000 கோடி இந்திய ரூபா. மிக நுண்ணிய சுற்றுகளை அச்சிடும் புற ஊதா ஒளி இயந்திரங்களை உலகுக்கே செய்து கொடுப்பது நெதர்லாந்தின் ஏ. எஸ். எம். எல். என்னும் ஒரே கம்பனி. நமது போன்ற சிறிய நாடு தனித்து நின்று இதை எட்டும் என்று மாணவருக்குச் சொல்வது பொய்யாகும்.

வேறொரு மயக்கமும் வேண்டாம். பெரும் கம்பனிகளும் ரிஸ்க்-பைவை விரும்பி எடுத்தாள்கின்றன. குத்தகைப் பணம் மிச்சமாகிறது என்பதே அவற்றின் விருப்பத்துக்குக் காரணம். மானிட நேயம் அன்று. இலவச இலக்கணத்தில் எழுதி, எழுதியதைப் பூட்டி வைக்கவும் அவற்றால் முடியும். ஆயினும் ஒருமுறை பொதுவில் வைக்கப்பட்ட அந்த இலக்கணத்தை எவரும் திரும்ப எடுத்துப் பெட்டியில் வைக்க இயலாது. எழுத்தறிவு பரவிய பின் மக்களை எழுத்தறியாதவராக்க எந்த அரசனாலும் முடிந்ததில்லை. அச்சுக்கூடம் பிறர் கையில் இருந்த காலத்திலும் எழுதத் தெரிந்தவன் எழுதினான்; எழுதத் தெரிந்தவர்கள் பெருகிய பின்னரே அச்சுக்கூடம் எமக்கும் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. எந்தக் கம்பனி சிறந்தது என்று மாணவர் கேட்டால், அவர்களின் தேவைக்கும் பணத்துக்கும் ஏற்ப விடை சொல்லுங்கள், அக்கேள்வியும் நியாயமானதே. அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆணைத்தொகுதியைத் தமிழிற் கற்பியுங்கள். அதற்குப் புதிய ஆய்வுகூடம் தேவையில்லை. பழைய கணினியிலும் ஓடக்கூடிய இலவச மென்பொருள்கள் ஒரு ரிஸ்க்-பைவ் நுண்செயலியின் செயலைப் படிப்படியாகத் திரையிற் காட்டுகின்றன. கணினியே இல்லாத வகுப்பில் ஒரு மாணவன் நினைவகமாகவும், ஒருத்தி கூட்டும் உறுப்பாகவும், மற்றொருவன் ஆணையை வாசிப்பவனாகவும் நின்று ஒரு நிரலை நடித்துக் காட்டலாம். எமது வகுப்பில் நடித்துப் பார்த்தோம். நாற்பது நிமிடத்திற் புரிந்தது.

எட்டே எட்டு ஆணைகள் கொண்ட ஒரு சிறு இலக்கணத்தை வருகிற தவணையில் மாணவர் தாமே வகுக்கப்போகிறார்கள். கூட்டு, கழி, எடு, வை, தாவு என்று ஐந்து தீர்மானமாகிவிட்டன. மற்ற மூன்று எவை என்று கலஹா மாணவியின் தலைமையில் ஒரு குழு ஆராய்கிறது. கண்டியிலும் மாத்தளையிலும் நுவரெலியாவிலும் உள்ள ஆசிரியர் எவரேனும் தம் மாணவரோடு இம்முயற்சியில் இணைவாராயின், பாடக் குறிப்புகளை விலையின்றிப் பகிர்ந்துகொள்ள நாம் காத்திருக்கிறோம்.